ஒற்றைக் குமிழ்ப் பெட்டி

ஒரு மோட்டார் சுற்றுவதற்குக் கைப்பேசி வேண்டும் என்கிற ஆளை நான் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. என் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். மிக்ஸி கொண்டுவந்தவர், மின்விசிறி கொண்டுவந்தவர், மழைக்கு ஒதுங்கியவர் என்று ஒருவரையும் விட்டதில்லை. அந்த வாரம் மட்டும் என் வாயில் ஒரே ஆள்தான் அரைபட்டார். என் அக்கா வேலை செய்யும் பீங்கான் பட்டறை முதலாளியின் மகளைக் கட்டியவர். பட்டறையில் சின்னவர் பெரியவர் எல்லாருக்குமே அவர் மாப்பிள்ளைதான். நிறையப் படித்தவர். எவ்வளவு படித்தவர் என்று அவரே சொல்லி முடிக்க ஒரு முழு மதியம் ஆகும் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா அங்கே கோடு போடுகிறவள். தட்டின் விளிம்பில் மெல்லிய பொன்னிறக் கோடு ஓடுகிறதே, அது அவள் கைவேலை. தட்டை ஒரு சின்ன வட்டப் பலகையின் நடுவில் வைத்து, இடது கையால் பலகையைச் சுழற்றுவாள். வலது கையில் தூரிகை. தூரிகை அசையாது, தட்டுதான் ஓடும். முதலில் மெதுவாக, தூரிகை பட்டதும் கொஞ்சம் வேகமாக, கோடு சுற்றிவந்து தொடங்கிய இடத்தைத் தொடும்போது மறுபடி மெதுவாக. ஒவ்வொரு தட்டுக்கும் இது நடக்கும். கோடு சேர்ந்த இடம் எது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் தெரியக் கூடாது. அவள் கோட்டில் இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்ததில்லை.

இருபத்திரண்டு வருஷம் இடது மணிக்கட்டையே திருப்பினால் அது சும்மா இருக்குமா? வீங்கிவிட்டது. மருத்துவர் துணி சுற்றி இறுக்கிக் கட்டி, ஆறு மாதத்துக்கு இந்தக் கையால் எதையும் திருகக் கூடாது, பாட்டில் மூடியைக்கூடத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். முதலாளி அதைக் கேட்டு உச்சுக்கொட்டினார். மறுநாளே, கோட்டுக்குப் பதிலாக விளிம்பில் ஒட்டுகிற தங்கப் பட்டைகள் மாதிரிக்கு ஒரு கட்டு வந்து இறங்கியது. பட்டை ஒட்ட யார் வேண்டுமானாலும் போதும். அக்காவை, தட்டுகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகைக்கு அனுப்பலாம் என்று பேச்சு. அந்தக் கொட்டகைக்குப் போன ஒருவர்கூட மேசைக்குத் திரும்பி வந்ததில்லை.

அக்கா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுகிறவள் அல்ல. நேரே போய், இடது கை இல்லாமல் பலகையைச் சுழலவைத்துத் தந்தால் வழக்கம்போல் கோடு போட்டுத் தருகிறேன் என்றாள். முதலாளி யோசித்து வெள்ளிக்கிழமைவரை அவகாசம் கொடுத்தார். அன்றைக்கு அவர் கண் முன்னால் ஐம்பது தட்டு. மூன்றுக்கு மேல் கழிந்தால் மேசையைத் தூக்கிவிடுவார்கள்.

உடனே, நான் பார்த்துக்கொள்கிறேன் மாமா என்று மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றாராம்.

அவர் செய்யப்போவதை அக்கா சனிக்கிழமை வந்து சொன்னபோது எனக்கு டீ புரையேறியது. மோட்டார் விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்டெப்பர் மோட்டார்தான் எடுத்திருந்தார். மற்ற மோட்டார்கள் தம் பாட்டுக்கு ஓடும். இது அடியெடுத்து வைத்து நடக்கும். ஒரு துடிப்புக் கொடுத்தால் ஓர் அடி. துடிப்பை அவசரப்படுத்தினால் வேகமாக நடக்கும், நிறுத்தினால் நின்ற இடத்தை விட்டு நகராது. ஆனால் அந்தத் துடிப்பைக் கொடுக்க மனிதர் என்ன ஏற்பாடு செய்திருந்தார் என்று கேளுங்கள். புரோகிராம் எழுதி ஏற்றிய ஒரு போர்டு. அதோடு பேச ஒரு கைப்பேசிச் செயலி. செயலியில் சாப்பாட்டுத் தட்டுக்கு ஒரு படம், சாஸருக்கு ஒரு படம், கிண்ணத்துக்கு ஒரு படம். படத்தைத் தொட்டால் பலகை தானே புறப்பட்டு, தானே சுற்றி, தானே நிற்கும். உள்ளே நுழையக் கடவுச்சொல். தட்டைச் சுற்றுவதற்குக் கடவுச்சொல் கேட்கிற அறிவை எந்தப் பள்ளிக்கூடத்தில் விற்கிறார்களோ தெரியவில்லை.

"எழுதத் தெரிஞ்சவன் எழுதிட்டே இருப்பான்க்கா. நான் ஒரு எழுத்து எழுதாம சுத்த வச்சுக் காட்டறேன், ஒரே ஒரு குமிழ்ல" என்றேன்.

காட்டவும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுச் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். கழித்துக் கட்டிய பிரிண்டர் ஒன்றிலிருந்து எடுத்த ஸ்டெப்பர் மோட்டார் என்னிடம் இருந்தது. நான்கு ஒயர்கள், இரண்டு சுருள்கள். எந்த ஒயர் எதற்கு ஜோடி என்று கண்டுபிடிக்க மாப்பிள்ளை இணையத்தில் மூன்று காணொளி பார்ப்பார். நான் இரண்டு ஒயர்களின் முனையைச் சேர்த்துப் பிடித்து அச்சை விரலால் திருப்பிப் பார்த்தேன். லேசாகத் திரும்பினால் ஜோடி இல்லை, கனத்துத் திரும்பினால் ஜோடி. அரை நிமிஷம்.

துடிப்புக் கொடுக்க எட்டுக் கால் டைமர் ஐசி ஒன்று போதும். எந்தக் கடையிலும் டப்பாவில் கிடக்கும். அதோடு ஒரு கெபாசிட்டர், இரண்டு ரெசிஸ்டர், பழைய ரேடியோவில் இருந்த ஒரு வால்யூம் கண்ட்ரோல். குமிழைத் திருப்பினால் ஐசி அடிக்கிற துடிப்பு கூடும், குறையும். அந்தத் துடிப்பை வாங்கி மோட்டாருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற டிரைவர் போர்டு ஒன்று, விரல் நுனி அளவு. ஓர் அடியைப் பதினாறாகப் பொடித்து நடக்கவைக்கும் வசதி அதில் உண்டு. இல்லையென்றால் கோட்டில் பற்கள் விழும். பக்கத்தில் ஒரு சுவிட்சு, வலமா இடமா என்பதற்கு. அவ்வளவுதான். புரோகிராம் இல்லை, படம் இல்லை, கடவுச்சொல் இல்லை.

முதல் டிரைவர் போர்டை எரித்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. மின்சாரம் இருக்கும்போதே மோட்டார் ஒயரைப் பிடுங்கினால் அது போய்விடும் என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் கடவுச்சொல்லைப் பற்றி விளக்கிக்கொண்டே பிடுங்கிவிட்டேன். கரிந்த வாடை சமையலறை முழுக்க அடித்தது. இரண்டாவது போர்டு தாக்குப்பிடித்தது.

மதியத்துக்குள் பலகை சுழன்றது. நான் மேசையின் ஒரு பக்கம், அக்கா மறுபக்கம். சாப்பாட்டுத் தட்டு ஒன்றை நடுவில் வைத்து, பொன் சாயத்துக்குப் பதிலாக நீல மையைத் தொட்டுத் தூரிகையைப் பிடித்தாள். நான் குமிழை மெல்லத் திருப்பினேன். அவள் தூரிகை பட்டதும் கூட்டினேன், கோடு சேரும் இடம் வந்ததும் குறைத்தேன். கோடு முடிந்தது தெரியாமல் முடிந்தது. இன்னொரு தட்டு. இன்னொன்று. அவள் தூரிகையைப் பார்த்தே எனக்கு வேகம் பிடிபட்டுவிட்டது. அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு வேலை பார்ப்பது எத்தனை வருஷத்துக்குப் பிறகு. உள்ளுக்குள் எனக்குக் கண் கலங்கியது. வெளியே நான் மாப்பிள்ளையின் நடையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை இன்னொரு முறை பார்த்தோம். அதே சுத்தம். நான் வாய் ஓயாமல் பேசினேன். வெள்ளிக்கிழமை அந்த ஆள் முகத்தில் ஈயாடாது பார் என்றேன். அக்கா தட்டுகளைத் துடைத்து அடுக்கிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்குள் முதல்முறையாக நுழைந்தேன். நீளமான கூடம், ஓரத்தில் சூளையின் சூடு, சுவரை ஒட்டித் தட்டுகள் கோபுரம் கோபுரமாக. அக்காவின் மேசை ஜன்னலுக்கு அடியில் இருந்தது. அதன் மூலையில் தங்கப் பட்டைக் கட்டைக் கொண்டுவந்து முதலாளி வைத்திருந்தார். தயாராக இருக்கட்டும் என்ற நினைப்பு. நல்ல மனசு.

மாப்பிள்ளையை அப்போதுதான் நேரில் பார்த்தேன். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பேசும்போது தரையைப் பார்க்கிற ஆள். நான் செய்து காட்டிய நடைக்கும் அவருடைய நடைக்கும் சம்பந்தமே இல்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை நாள் திட்டியதற்குத் தகுந்த உடம்பாவது இருக்க வேண்டாமா.

முதலில் அவர் மோட்டாரைப் பொருத்தினார்கள். அக்கா தட்டை வைத்தாள், தூரிகையில் சாயம் தொட்டாள். அவர் கைப்பேசியில் தட்டுப் படத்தைத் தொட்டார். மோட்டார் ஈனஸ்வரத்தில் கத்தியது. பலகை நடுங்கியது, சுற்றவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஸ்டெப்பரிடம் எடுத்த எடுப்பில் முழு வேகம் கேட்டால் அது அப்படித்தான் அழும். கனமான தட்டோடு முதல் அடியே ஓட்டமாக வைக்க அதனால் ஆகாது. நடக்கவிட்டு, பிறகு ஓடவிட வேண்டும். அவர் ஏதோ மாற்றி மறுபடி தொட்டார். இந்த முறை வெடுக்கென்று கிளம்பி, இரண்டு இடத்தில் துள்ளி, ஒரு சுற்று வந்தது. விளிம்பில் கோடு ரம்பம் மாதிரி இருந்தது.

அவர் இன்னும் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். முதலாளி, இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அந்தக் கனைப்புக்காக ஒரு வாரம் காத்திருந்தேன் என்றே சொல்லலாம். என் பெட்டியை மேசையில் வைத்து, மோட்டாரை மாற்றி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தேன். குமிழைத் திருப்பினேன். சத்தமே இல்லாமல் பலகை ஊர்ந்தது. அக்காவின் தூரிகை இறங்கியது. கூட்டினேன், குறைத்தேன். கோடு சேர்ந்தது. முதலாளி தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பூதக்கண்ணாடியால் ஒரு முழுச் சுற்றுப் பார்த்தார். சேர்ந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது தட்டு. ஐந்தாவது. வேலையை நிறுத்திவிட்டு நாலைந்து பேர் வந்து பின்னால் நின்றார்கள். நான் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, கடவுச்சொல் இல்லாமலே ஓடுகிறது பாருங்கள் என்று சொன்னேன். சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். அசடு வழிகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலாளி கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இவரு தினமும் வருவாரா?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. எதற்கு வரவேண்டும், பெட்டி பழுதாகாது என்றேன். அவர் என் கையைக் காட்டினார். என் கை குமிழின் மேல் இருந்தது. பிறகு அக்காவைக் காட்டினார். அவளுடைய வலது கையில் தூரிகை. கட்டுப்போட்ட இடது கை மடியில் கிடந்தது.

அந்த ஒரு நொடியில் எனக்குக் காது அடைத்துவிட்டது. ஒரு வாரமாகக் குமிழ், குமிழ் என்று தம்பட்டம் அடித்தவன் நான். அதைத் திருப்புவது யார்? ஞாயிறும் நான், புதனும் நான், இப்போதும் நான். எதையும் திருகக் கூடாது என்று மருத்துவர் சொன்ன கைக்கு, திருகினால் மட்டுமே வேலை செய்கிற ஒரு பெட்டியைச் செய்துகொண்டு வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வேகத்தை ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் போகவும் வழியில்லை, ஒவ்வொரு தட்டுக்கும் கூட்டிக் குறைக்க வேண்டும். மாப்பிள்ளையின் கோமாளித்தனமாவது ஒரு தொடலில் தானாக ஓட முயன்றது. அதற்குக் கை வேண்டியிருக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் இப்போதும் சிரித்தார்கள். இந்த முறை யாரைப் பார்த்து என்பதில் சந்தேகமில்லை.

முதலாளி மூலையில் இருந்த பட்டைக் கட்டை நோக்கிக் கை நீட்டினார்.

"இருங்க. கம்பு இருக்கு" என்றாள் அக்கா.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு மரச் சட்டத்தை எடுத்தாள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முனையில் துளை, அதன் பக்கவாட்டில் ஒரு திருகாணி. பெட்டியை மேசைப் பலகையின் அடியில், முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டு, குமிழைக் கழற்றிவிட்டு அந்த அச்சில் இதை மாட்டு, முழங்காலால் தள்ளிக்கொள்கிறேன் என்று என்னிடம் சொன்னாள். குரல் உயரவில்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரி சொன்னாள்.

எனக்கு யோசிக்கத் தெம்பில்லை. சொன்னதைச் செய்தேன். சட்டத்தின் துளை வால்யூம் கண்ட்ரோல் அச்சில் கச்சிதமாக உட்கார்ந்தது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் முழங்கால் தள்ளினால் அச்சு கால் சுற்றுத்தான் திரும்பும். முழுச் சுற்றில் இருந்த வேகமெல்லாம் அந்தக் கால் சுற்றுக்குள் வரவேண்டும். ஒரு கெபாசிட்டரையும் ஒரு ரெசிஸ்டரையும் மாற்றினேன். பற்றவைக்கும்போது ஒயர் நழுவியது. யாரோ குனிந்து ஒயரை அசையாமல் பிடித்துக்கொண்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன், மாப்பிள்ளை. முடிந்ததும் அவர் தட்டுக் கட்டு ஒன்றிலிருந்து ரப்பர் பேண்டை உருவி, சட்டத்தின் நுனியையும் மேசைக் காலையும் இணைத்து மாட்டினார். முழங்காலை எடுத்தால் சட்டம் தானே திரும்பிவந்து பலகை மெதுவாகும். அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. தோன்றியிருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

முதல் தட்டில் முழங்கால் அதிகமாகத் தள்ளிவிட்டது, கோடு தடித்தது. அக்கா அதைத் தானே கழித்து ஓரம் வைத்தாள். இரண்டாவதில் கோடு சேரும் இடத்தில் ஒரு புள்ளி. அதையும் கழித்தாள். இன்னும் ஒன்று கழியலாம், அதற்கு மேல் வைக்கோல் கொட்டகை. மூன்றாவது தட்டில் அவள் முழங்கால் பாதை கண்டுவிட்டது. அதற்குப் பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. தட்டு வந்தது, ஊர்ந்தது, ஓடியது, அடங்கியது. கூடிநின்றவர்கள் சலித்துப்போய் வேலைக்குத் திரும்பினார்கள். ஐம்பது முடிந்தபோது ஓரத்தில் அதே இரண்டு தட்டுகள்தான் இருந்தன. முதலாளி பட்டைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாலையில் இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். நியாயமாக நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் என் மானம் போனது, குமிழைத் திருப்பக் கை இல்லை என்று வீட்டிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவளிடம் எரிந்து விழுந்தேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. அலுப்பு இருந்தது.

"சொன்னேன்டா. ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவை, புதன்கிழமை ஒரு தடவை. இதை யாரு திருப்புவான்னு கேட்டேன். நீ அவரைத் திட்டிட்டு இருந்தே."

நான் நினைவைத் துழாவிப் பார்த்தேன். அவள் கேட்டதாக எதுவுமே அகப்படவில்லை. என் குரல் மட்டும்தான் இருந்தது.

"அந்தக் கம்பு?" என்றேன்.

"உன் குமிழை முழங்காலால திருப்ப முடியுமான்னு நேத்து அவருகிட்ட கேட்டேன். அவரோடது நேத்தே துள்ளிச்சு, அவருக்கே தெரியும். மாமனார் கேட்டா காட்டித்தானே ஆகணும்னு கொண்டுவந்தாரு. என்னை உக்கார வச்சு முழங்காலுக்கு அளவெடுத்து, துளை போட்டு, திருகாணி வச்சுக் கொடுத்தாரு." கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டாள். "உங்க தம்பி பொட்டிதான் சரியான வழி, எனக்கு இது தோணாம போச்சேன்னு சொன்னாரு."

பேருந்து வந்தது. அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல என்னிடம் இன்னும் ஐந்தாறு கேலிகள் மிச்சம் இருந்தன. ஒன்றையும் சொல்ல முடியவில்லை. அவமானமாக இருந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அக்கா ஏதோ சொன்னாள், பேருந்துச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. குனிந்து, என்னக்கா என்று கேட்டேன். அவள் ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.